சைடு கொடுக்கத் தெரிந்த நகரம்

2014 ஜூன் 16, திங்கட்கிழமை மாலை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் கிளம்பியது. சாலை விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞரின் இதயம் அதில் இருந்தது. அடையாறு ஃபோர்டிஸ் மலர் மருத்துவமனையில் மும்பையிலிருந்து வந்திருந்த 21 வயதுப் பெண் அந்த இதயத்துக்காகக் காத்திருந்தார். நடுவே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அலுவலகங்கள் விடும் நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஆம்புலன்ஸ் 14 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

சிக்னலுக்குச் சிக்னல் போக்குவரத்துக் காவலர்கள் நின்று பாதையைத் திறந்துவிட்டார்கள். பேருந்துகளும் ஆட்டோக்களும் இரு சக்கர வாகனங்களும் ஓரம் ஒதுங்கி நின்றன. சென்னைக்கு இது முதல் முறையும் இல்லை. 2008-இல் ஒரு சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போனபோதும் இந்த ஊர் இப்படித்தான் வழிவிட்டது. அந்தச் சம்பவத்தின் தாக்கத்தில் மலையாளத்தில் 'டிராஃபிக்' படமும், பிறகு தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' படமும் வந்தன. பின்னாளில் இந்த ஏற்பாட்டுக்கு 'பசுமை வழித்தடம்' என்ற பெயர் நாடு முழுவதும் நிலைத்துவிட்டது.

சென்னைக்காரர்களுக்குச் சைடு கொடுக்கத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் காவலர் கைகாட்டி நிறுத்தாத சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பழக்கம் எங்கே போகிறது?

அடையாறு சிக்னலில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். லாட்டிஸ் பிரிட்ஜ் சாலையிலிருந்தும் சர்தார் படேல் சாலையிலிருந்தும் வரும் வாகனங்கள் சிவப்பு விளக்கில் நிற்கின்றன. முதலில் வந்த கார், நிறுத்தக் கோட்டைத் தாண்டி பாதசாரிகளுக்கான வெள்ளைப் பட்டைகளின் மேல் நிற்கிறது. அதன் இரு பக்கமும் உள்ள இடுக்குகளில் பைக்குகள் புகுந்து முன்னால் போகின்றன. இடது பக்கம் திரும்ப வேண்டியவர்களுக்கான 'ஃப்ரீ லெஃப்ட்' வழியை நேராகப் போக வேண்டிய ஓர் ஆட்டோ அடைத்துக்கொள்கிறது. சாலையின் முழு அகலமும் நிரம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் பின்னால் ஒரு சைரன் ஒலிக்கிறது. கண்ணாடியில் பார்க்கிற எல்லோருக்கும் வழிவிட மனம் இருக்கிறது. நகர இடம்தான் இல்லை.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபர் கடைசி வாரம் நடைமுறைக்கு வந்தன. ஆனால் மேலே சொன்ன காட்சியில் யாருக்கு அபராதம் போடுவது? சைரன் கேட்ட பிறகு ஒதுங்காதவருக்கா, சைரன் கேட்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே கோட்டைத் தாண்டி வந்து இடத்தை அடைத்தவருக்கா? நெருக்கடியில் காட்டும் கருணை, நெருக்கடி வருவதற்கு முன் காக்கும் ஒழுங்கைச் சார்ந்தே இருக்கிறது.

ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊரத் தொடங்கியவுடன் இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும், மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவே ஒரு சந்து விட வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சந்து இருக்க வேண்டும். வேக வரம்பே இல்லாத பகுதிகள் கொண்டவை என்று பேர்பெற்ற அந்நாட்டு விரைவுச் சாலைகளில், தடம் மாறுவதற்கும் முந்துவதற்கும் உள்ள விதிகள் மிகக் கடுமையானவை. அங்கே வேகத்தைத் தாங்கி நிற்பது இந்த ஒழுங்குதான்.

சென்னையில் வேகத்தைப் பற்றிய விவாதம் 2023-இல் சூடாக நடந்தது. ரேடார் கருவிகளை வைத்து, 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் அபராதம் என்ற பேச்சு எழுந்ததும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. இந்தக் காலத்துக் காரில் 40 என்பது ஊர்வது போலத்தானே என்று பலரும் கேட்டார்கள். போக்குவரத்துக் காவல்துறை மறுஆய்வு செய்து, அந்த ஆண்டு நவம்பர் 4 முதல் புதிய வரம்புகளை நடைமுறைப்படுத்தியது. கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், கனரக வாகனங்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளில் எந்த வாகனமானாலும் 30.

கடைசியாகச் சொன்ன அந்த 30-ஐப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மயிலாப்பூர் மாட வீதிகள், காந்தி நகர், கஸ்தூர்பா நகர், பெசன்ட் நகர் அவென்யூக்கள், தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் உள்ள குறுக்குத் தெருக்கள் எல்லாம் வீடுகள் நிறைந்த இடங்கள். முதன்மைச் சாலையில் நெரிசல் என்றவுடன் கைபேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழியில் திரும்பி, இந்தத் தெருக்களில் விட்ட நேரத்தைப் பிடிக்கப் பார்க்கிறவர்கள் அதிகம். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்திருக்கும் முனை, பள்ளி வேனுக்காகக் குழந்தைகள் நிற்கும் வாசல், வாக்கிங் ஸ்டிக்குடன் பெரியவர் பால் வாங்கத் தெருவைக் கடக்கும் இடம் எல்லாவற்றையும் 50-இல் தாண்டிப் போகிறார்கள்.

இந்த அவசரத்தால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? அடையாறிலிருந்து லஸ் கார்னர்வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சிக்னல்கூட இல்லாமல் 40-இல் போனால் ஆறு நிமிடம், 60-இல் போனால் நான்கு நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடம். மந்தைவெளியில் ஒரு சிவப்பு விளக்கு விழுந்தால் அந்த இரண்டு நிமிடமும் போய்விடும். பின்னால் 40-இல் நிதானமாக வந்தவர் அதே சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்பார்.

நேரத்தில் கிடைக்கும் லாபம் இவ்வளவு சிறிதாக இருக்க, ஆபத்து பல மடங்கு பெருகுகிறது. 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். குறுக்கே ஒருவர் வருவதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது. அதற்குள் 17 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் தேவை. ஆக 37 மீட்டர். இதே கணக்கு 40-இல் 20 மீட்டர்தான். இரண்டுக்கும் இடையே உள்ள 17 மீட்டர் ஒரு மாநகரப் பேருந்தின் நீளத்தைவிட அதிகம். 40-இல் வந்த கார் நின்றுவிட்ட இடத்தை, 60-இல் வந்த கார் இன்னும் வேகம் அடங்காமல் தாண்டிக்கொண்டிருக்கும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடந்து போகிறவரை மோதும் காரின் வேகம் 50-லிருந்து 65-ஆக உயர்ந்தால் அவர் இறப்பதற்கான வாய்ப்பு நான்கரை மடங்கு ஆகிறது என்றும் அது கணக்கிட்டிருக்கிறது.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை பதிவு செய்தது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். காலையில் வீட்டில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிய 49 பேர், ஒவ்வொரு நாளும்.

எனவே 2023-இல் வந்த வரம்புகள் நியாயமானவை. கோளாறு அவற்றைப் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. 60 என்று பலகை வைத்தால், அதற்குமேல் கூடாது என்பதே அதன் பொருள். அந்த வேகத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்யும் இரவில், பள்ளி விடும் நேரத்தில், மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே சரியான வேகம் அதில் பாதியாகக்கூட இருக்கலாம்.

தடம் என்று பேச்செடுத்தால் ஒரு மறுப்பு உடனே வரும். 'லேன் எல்லாம் வெளிநாட்டுக்குச் சரி. பஸ், ஆட்டோ, பைக், சைக்கிள், தள்ளுவண்டி எல்லாம் ஒரே சாலையில் ஓடும் நம்மூரில் அது நடக்காது' என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. இந்தியச் சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் பொதுவாக மூன்றரை மீட்டர். காருக்கும் பேருந்துக்கும் அளந்தது அது. அந்த அகலத்தில் மூன்று பைக்குகள் பக்கம் பக்கமாகப் போக முடியும். ஆகவே பைக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று சொன்னால் நடைமுறைக்கு ஒத்துவராது.

ஆனால் 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளைப் படித்தால், அவை கேட்பது மிக எளிமையான காரியங்கள் என்று தெரியும். இடப்பக்கமாகப் போ. முந்துவதென்றால் வலப்பக்கமாக முந்து. தடம் மாறுமுன் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போடு. முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடு. சிவப்பு விளக்கில் கோட்டுக்குப் பின்னால் நில். நடந்து கடக்கிறவருக்கு வழி விடு. தள்ளுவண்டியும் ஆட்டோவும் இருக்கும் சாலையிலும் இவை எல்லாமே நடக்கக்கூடியவை.

அண்டை நாடான இலங்கையைப் பார்க்கலாம். அங்கும் இதே வெயில், இதே ஆட்டோ, இதே நெரிசல், இதே இடப்பக்க ஓட்டம். ஆனால் கொழும்பில் பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்தால் வாகனங்கள் நின்றுவிடுகின்றன. சென்னையிலிருந்து போய்வரும் பலரும் முதலில் வியந்து சொல்வது இதைத்தான். அங்கு நிற்கத் தவறினால் காவலர் பிடிப்பார் என்ற பயமும் இருக்கிறது. நிற்பதுதான் முறை என்ற பழக்கமும் இருக்கிறது. பயத்தில் தொடங்கிய காரியம் பழக்கமாகிவிட்டது.

சென்னையில் தெருவைக் கடப்பதற்கு ஒரு தனிக் கலை வேண்டியிருக்கிறது. மயிலாப்பூரில் கச்சேரி சாலையைக் கடக்கும் ஒரு பாட்டி, இடது கையில் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வாகனங்களை நோக்கி உயர்த்தியபடியே நடப்பார். அந்தக் கையில் கெஞ்சலும் இருக்கும், கட்டளையும் இருக்கும். 2022-இல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். தி.நகரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் குடும்பத்துடன் பயமில்லாமல் நடக்க முடிகிறது. 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்துத் திறந்த ஆகாய நடைபாதையும் பெரிய உதவி. ஆனால் அங்கிருந்து கீழே இறங்கி உஸ்மான் சாலையில் கால் வைத்த நொடியில் அதே பழைய போராட்டம் தொடங்கிவிடுகிறது. எல்லா இடத்திலும் பாலம் கட்ட முடியாது. வாகனம் ஓட்டுகிறவர் நின்றால்தான் நடப்பவர் கடக்க முடியும்.

இப்போதைய சென்னையில் பொறுமைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2020-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரண்டு தடங்கள் இந்தப் பகுதிகளின் வழியாகப் போகின்றன. மாதவரம்–சிப்காட் தடம் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாக. கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடம் கச்சேரி சாலை, பனகல் பார்க் வழியாக. பணி நடக்கும் இடங்களில் சாலை சுருங்குகிறது. தடுப்புகள் தொடங்கும் இடத்தில் இரண்டு வரிசை ஒன்றாக வேண்டும். அங்கேதான் சண்டை மூள்கிறது. நீ முந்தியா நான் முந்தியா என்று நான்கு வண்டிகள் மூக்கை நுழைக்க, யாரும் நகர முடியாமல் போகிறது. இந்த வரிசையிலிருந்து ஒன்று, அந்த வரிசையிலிருந்து ஒன்று என்று மாற்றி மாற்றிப் போனால் போதும். கோயிலில் பிரசாத வரிசையில் சென்னைக்காரர் தாமாகவே செய்கிற காரியம்தான் இது. இப்படி விட்டுக்கொடுத்தால் வரிசையில் உள்ள எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

நகரத்துக்குள் பழகிய இந்தக் குணமே நெடுஞ்சாலைக்கும் போகிறது. வெள்ளிக்கிழமை மாலை அடையாறிலிருந்து திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிறவர்கள், அதுவரை சிக்னலில் முடங்கிக் கிடந்த எரிச்சலை ஆக்சிலரேட்டரில் தீர்த்துக்கொள்கிறார்கள். அடையாறில் 30-இல் குறுக்கே வெட்டினால் பம்பரில் கீறல் விழும். கோவளத்துக்கு அருகில் 90-இல் அதையே செய்தால் உயிர் போகும். வலக்கோடித் தடம் முந்துவதற்கு உரியது. முந்தி முடித்தவுடன் இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும். வலத்தடத்தில் நிரந்தரமாக 50-இல் போகிறவரும் தவறு செய்கிறார். அவரை இடப்பக்கமாக முந்துகிறவர் இன்னும் பெரிய தவறு செய்கிறார். அந்த இடது ஓரத்தில்தான் மீன் கூடையுடன் சைக்கிளில் போகிறவரும், பேருந்துக்காக நிற்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

எதிர்த்திசையில் வருவது இதன் உச்சம். யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக ராங் சைடில் 40-இல் வருகிற பைக்கும், சரியான திசையில் 80-இல் வருகிற காரும் ஒன்றையொன்று 120 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகின்றன. ஆபத்தாக வாகனம் ஓட்டுவதற்கான பிரிவில் இந்தக் குற்றத்தை 2019 திருத்தச் சட்டம் சேர்த்தது சரியான முடிவு.

விளக்கின் மொழியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை ஒருமுறை மினுக்கினால், வழக்கத்தில் 'நீங்கள் முதலில் போங்கள்' என்று பொருள் கொள்கிறார்கள். இங்கே அதே மினுக்கலுக்கு 'நான் நிறுத்தமாட்டேன், நீ நில்' என்று பொருள். இரவில் ஹை பீமைத் தணிக்காமல் வருகிறவர், எதிரே வருபவரைச் சில நொடிகள் பார்வை இழக்கச் செய்கிறார். அந்தச் சில நொடியில் 80-இல் வரும் கார் 50 மீட்டருக்கும் மேல் ஓடிவிடுகிறது. ஒரு விரலால் விளக்கைத் தணிக்கலாம். அதற்குச் செலவும் இல்லை, நேரமும் ஆகாது.

2018-இல் மத்திய அரசு விரைவுச் சாலைகளில் கார்களுக்கான வேக வரம்பை 120 ஆகவும் நான்குவழிச் சாலைகளில் 100 ஆகவும் உயர்த்தியது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சாலை நன்றாகிவிட்டது, என்ஜின் நன்றாகிவிட்டது என்பதற்காக வேகத்தைக் கூட்டலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த அக்கறை சரியானது. ஓட்டும் மனிதரின் கண்ணும் காலும் இயங்கும் வேகம் எந்தப் புதிய மாடலிலும் மாறுவதில்லை.

பழியை ஓட்டுநர்கள்மேல் மட்டும் போட்டுவிட்டு நகர்வதும் நியாயமாகாது. உணவுப் பொட்டலத்துடன் சிவப்பு விளக்கைத் தாண்டும் இளைஞரைக் கைபேசியில் ஓடும் நேரம் துரத்துகிறது. ஆட்டோ நிறுத்த இடம் ஒதுக்காத சாலையில் ஆட்டோ வளைவில்தான் நிற்கும். புதிதாகத் தார் போட்ட சாலையில் கோடு வரையாமல் விட்டுவிட்டு, கோட்டைத் தாண்டினாய் என்று யாரையும் கேட்க முடியாது. ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் முறையிலும் குறை இருக்கிறது. 'எட்டுப் போட்டுக் காட்டியாச்சா?' என்பதுதான் இங்கே லைசென்ஸ் எடுப்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி. எட்டுப் போடுவது வண்டியைச் சாயாமல் ஓட்டத் தெரியுமா என்பதைக் காட்டும். நிறுத்தக் கோட்டில் நிற்பாரா, கண்ணாடி பார்த்துத் தடம் மாறுவாரா, நடப்பவருக்கு நிற்பாரா என்பதை அந்தத் திடலில் சோதிக்க முடியாது. உண்மையான சாலையில், உண்மையான சிக்னலில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிப் பார்க்கும் தேர்வு கட்டாயம் வேண்டும்.

அதற்குச் சட்டமும் பணமும் காலமும் தேவைப்படலாம். இரண்டு காரியங்களுக்கு அவை தேவையில்லை. மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் லஸ், பனகல் பார்க், அடையாறு, மத்திய கைலாஷ் சந்திப்புகளில் நிறுத்தக் கோடுகளையும் கடவைப் பட்டைகளையும் பளிச்சென்று மறுபடி வரைய வேண்டும். குடியிருப்புத் தெருக்களின் முனைகளில் 30 என்ற பலகையை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். கேமரா வைத்துப் பிடிப்பதானால், வேகத்தைப் பிடிப்பதற்கு முன் கோட்டைத் தாண்டி நிற்பவரைப் பிடிக்கட்டும்.

இன்னொரு காரியம் வாகனம் ஓட்டும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. 2014-இல் அந்த மாலை நேரத்தில் ஓரம் ஒதுங்கி நின்ற யாருக்கும் உள்ளே போவது யாருடைய இதயம், யாருக்குப் போகிறது என்று தெரியாது. ஆனாலும் நின்றார்கள். நாளைக் காலை அடையாறு சிக்னலில் சிவப்பு விழும்போது வண்டியைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்துங்கள். இடது வழியை அடைக்காதீர்கள். பக்கத்து வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள். சைரன் கேட்கும்போது உங்களால் நகர முடியும்; ஆம்புலன்ஸ் போய்விடும்.